ஜெசிந்தாவின் முதல் கேள்வி

முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு இணையத்தில் நேரலையாக ஓடிக்கொண்டிருந்தது. ஜெசிந்தா வீட்டில் முறுக்கைக் கடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் தேர்வாளராக உட்கார்ந்திருந்ததும் ஜெசிந்தாதான். அவள் முகம், அவள் குரல், அவள் மூக்குக்கண்ணாடி.

இருபத்திரண்டு வருடம் பாடம் நடத்தியவளை மூன்று மாதம் கேமரா முன் உட்காரவைத்து, இந்தக் கணினி நகலைச் செய்துகொண்டு வீட்டுக்கு அனுப்பியவர் கல்லூரித் தாளாளர் தங்கப்பாண்டி. "இனிமே உங்களுக்குப் பதிலா அது இருக்கு மேடம்" என்றார். அவளும் தன் கோபம் உட்பட எல்லாவற்றையும் அதற்குக் கற்றுக்கொடுத்துவிட்டுத்தான் வந்தாள். 'எங்கள் தேர்வாளரிடம் யார் சிபாரிசும் செல்லாது' என்று ஊரெல்லாம் விளம்பரம் செய்தார் தாளாளர்.

இன்று தேர்வுக்கு வந்திருந்தவர் அதே தங்கப்பாண்டி. ஆய்வேட்டை யாரோ எழுதிக்கொடுத்திருந்தார்கள். 'முனைவர்' என்று கல்லூரி வாசலில் பேனர்கூடக் கட்டியாகிவிட்டது. தான் செய்த பொம்மை தன்னை என்ன கேட்டுவிடும் என்ற தெம்பு அவருக்கு.

முதல் கேள்விக்கு முன் ஜெசிந்தா எப்போதும் செய்வதுபோலவே நகல் கண்ணாடியைக் கழற்றியது. அடுத்து என்ன வரும் என்று அவளுக்குத் தெரியாதா? முறுக்கைக் கீழே வைத்தாள்.

"ஆய்வேட்ட மூடி வைங்க. இதுல நீங்க என்ன கண்டுபிடிச்சீங்க? சொந்தமா சொல்லுங்க."

தங்கப்பாண்டி தண்ணீர் குடித்தார். மறுபடியும் குடித்தார். மொத்தக் கல்லூரியும் பார்த்துக்கொண்டிருக்க, 'தேர்ச்சி இல்லை' என்று திரையில் விழுந்தது.

பத்தாவது நிமிடம் ஜெசிந்தாவின் போன் அடித்தது.

"மேடம், நீங்க ஒரு வார்த்தை சொன்னா அது கேக்கும்…"

"எனக்குப் பதிலாத்தான் அது இருக்கே சார். அதுகிட்டயே பேசிக்குங்க."