வீட்டுக்கு ஒரு தொட்டி

நேற்று ஆலங்கட்டி மழை பெய்த ஊரில் இன்று காலை கொடும் வெயிலுக்கான எச்சரிக்கைச் சங்கு ஒலித்தது. அடுக்ககத்தில் செடிகளுக்கான குளிர் அறையில் வீட்டுக்கு ஒரு தொட்டிக்குத்தான் இடம். ஆள் இல்லாத வீட்டுக்கு அதுவும் கிடையாது.

எதிர்வீட்டு ஜைனம்பு மருத்துவமனையில் இருந்தாள். அவளுடைய இறந்துபோன மகள் நட்ட மருதாணி வாசலில் நின்றது. கோதைநாயகி தன் துளசியைக் கீழே வைத்துவிட்டு மருதாணியைக் குளிர் அறைக்குத் தூக்கிப் போனாள்.

"உங்க துளசி கருகிடுமேம்மா," என்றார் காவலாளி.

"அது சாமியாச்சே. தன்னைத் தானே பாத்துக்கும்."

பார்த்துக்கொள்ளவில்லை. மாலையில் பதினொரு வருடத் துளசி வெறும் குச்சியாக நின்றது. கோதைநாயகி அதன் முன் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு அந்தக் குச்சிக்கே விளக்கேற்றிவிட்டு ஜைனம்புவைப் போனில் அழைத்தாள்.

"மருதாணி ஒரு இலைகூட வாடல."

"ஒங்க துளசி எப்படிக்கா இருக்கு?"

"இருக்கு. இப்பத்தான் வெளக்கேத்தினேன்."