அறுபத்து நாலு அடி

மேடையில் பதினொரு நம்பூதிரிகள் நின்றார்கள். அவர்களைக் கண்டு ஒதுங்கிப் போக ஒரே ஓர் ஆள்தான் இருந்தான். அவனும் வெளியூர்.

கடல் பொங்கி ஊருக்குள் வந்து ஐம்பது நாள். காரைதீவு முகாமில் இனிமேலாவது சாதி ஒழியட்டும் என்று பள்ளிக்கூட வாத்தியார் கோகுலன் சேர் நாடகம் எழுதியிருந்தார். மலையாள நாட்டில், கோயில் வீதியில் கால் வைக்கக் கூடாதென்று விரட்டப்பட்ட ஒருவன் ஒருநாள் நடந்தே காட்டுகிற கதை.

அந்த ஒருவனாக நடிக்க முகாமில் யாரும் சம்மதிக்கவில்லை.

"நாளைக்கு மெய்யெண்டு நினைச்சிருவாங்க சேர்" என்றார்கள்.

எல்லாரும் நம்பூதிரி வேடம் கேட்டார்கள். ஒருவரையும் மறுக்க முடியாமல் சேர் மருதமுனை நெசவு நூலில் பதினொரு பூணூல் திரித்தார்.

பிறகுதான் தண்ணீர் பவுசர் ஓட்டி வரும் மர்சூக்கைப் பிடித்தார்.

"தம்பி, உங்கட ஆக்களுக்குள்ள சாதி இல்லத்தானே. நீங்க நடிச்சா ஒருத்தரும் ஒண்டும் நினைக்க மாட்டாங்க."

மறுத்தால் ஏன் என்று கேட்பார். மர்சூக் ஓம் என்றான்.

பொத்துவிலில் வீடு போன பிறகு அவனும் வாப்பாவும் தங்கை நிஹ்லாவும் சாய்ந்தமருதில் ஒரு கூடாரத்தில் இருந்தார்கள். அங்கே அவர்களை யாருக்கும் தெரியாது.

நிஹ்லாவுக்கு இருபத்தெட்டு வயது. பொத்துவிலில் ஒரு சம்பந்தமும் வாசல்வரை வந்ததில்லை. சாய்ந்தமருதில் வந்தது. மாப்பிள்ளையின் வாப்பா சீனிமுகம்மது ஹாஜியார் வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்வதாக இருந்தார்.

நாடகத்துக்கும் அவர்தான் பிரதம அதிதி.

நாடகத்தன்று சேர் அளவு நாடாவை விரித்தார். நம்பூதிரிக்கு எட்ட நிற்க வேண்டிய தூரம் அறுபத்து நாலு அடி என்று புத்தகத்தில் இருந்தது. மேடை பதினாறு அடி.

நாடா மேடையை விட்டு இறங்கியது. இருபதாம் அடியில் ஹாஜியாரின் கதிரை. ஐம்பதாம் அடியில் சனம் இருந்த கடைசி வாங்குப் பலகை. அறுபத்து நாலாம் அடி, தண்ணீர் சிந்திச் சேறாகிக் கிடந்த இடத்தில், பவுசரின் பின் சில்லுக்குப் பக்கத்தில் வந்து முடிந்தது. மர்சூக் அங்கே போய் நின்றான்.

"கிட்ட வரட்டும் சேர், ஆளத் தெரியாது" என்றது சனம்.

"சரித்திரத்தில கை வைக்க ஏலாது" என்றார் சேர்.

சனம் கதிரைகளைத் திருப்பிப் போட்டது. முன்வரிசை பின்வரிசையானது. ஹாஜியார் எழும்பி, தன் கதிரையைத் தானே தூக்கிக்கொண்டு முன்னுக்கு வந்தார். மர்சூக்குக்கு ஆறு அடி தள்ளி அமர்ந்தார்.

"விலகு!" என்று பதினொரு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

மர்சூக் விலகினான்.

தோளில் கிடந்த துவாயை எடுத்துக் கக்கத்தில் வைத்தான். உடம்பைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பினான். யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை, கால்களைப் பார்த்தான். கூப்பிட்டால் போகவும் விரட்டினால் மறையவும் ஆயத்தமாக நின்றான்.

இதையெல்லாம் சேர் சொல்லிக் கொடுக்கவில்லை.

கைதட்டல் நிற்கவில்லை. ஹாஜியார் கதிரையின் நுனிக்கு வந்திருந்தார்.

அடுத்த காட்சியில் மர்சூக் வீதியால் நடந்துபோய் மேடையில் ஏற வேண்டும். நடந்தான். ஏற இடமில்லை. பதினொரு பேரில் ஒருவரும் நகரவில்லை. தங்கள் வசனத்தில் அப்படி இல்லை என்று ஒருவர் சேருக்குக் கையைக் காட்டினார்.

மர்சூக் மேடைக்குக் கீழேயே நின்றான். சாதி ஒழிந்தது என்று சேர் ஒலிபெருக்கியில் அறிவித்தார்.

மறுநாள் காலை, சம்பந்தம் பேசிய அப்துல் ஸமட் கூடாரத்துக்கு வந்தார். கொடுத்த தேத்தண்ணியைத் தொடவில்லை.

"ஹாஜியார் ஒண்ட நடிப்பப் புகழ்ந்து தள்ளிட்டார் தம்பி. அப்பிடி நிக்கிறது பழகாம வராதெண்டு சொன்னாராம். மறுகா பொத்துவிலுக்குப் போன் போட்டு, இவன் ஆர்ர மகன் எண்டு விசாரிச்சிருக்கார்."

நிஹ்லா கூடாரத்தின் பின்பக்கம் போனாள்.

அப்துல் ஸமட் எழும்பினார். செருப்பைப் போட்டுக்கொண்டு, நினைவு வந்தவர்போலத் திரும்பினார்.

"கலியாணம் சரிவராது. எண்டாலும் வெள்ளிக்கிழமை ஒண்ட வாப்பாவ வரட்டாம். ஹாஜியார்ர பேரனுக்கு சுன்னத்து வைக்கோணும். இஞ்ச பரம்பரையா முடிவெட்டி, சுன்னத்து வெச்ச ஒஸ்தாவக் கடல் கொண்டு போயிட்டு."

கூடாரத்துக்குள் இருந்து வாப்பா, எத்தனை மணிக்கு என்று கேட்டார்.