பன்னிரண்டரை மணி எடை

"கதவுல காலை வெச்சுக்கிட்டே நிக்கிறியே, வலிக்கலையா?"

எப்போதோ ஒரு ரயிலில் ஒரு குழந்தை கேட்ட கேள்வி. உறைந்து நின்ற கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்த ஜெஸிந்தாவுக்கு ஏனோ அது ஞாபகம் வந்தது.

வருஷம் 1984. நீலகிரியில், இத்தலார் பக்கத்துத் தேயிலை ஃபேக்டரியில் அடுப்பின் சூடு, விசிறி, கொழுந்து எடை மூன்றையும் நொடிக்கு நொடி கவனிக்க அவள்தான் புரோகிராம் எழுதியிருந்தாள். ஒரு மாதமாக, மதியம் பன்னிரண்டரை மணி எடை நேரத்தில் எல்லாம் அப்படியே நின்றுவிடுகிறது. மூன்று வேலைக்கும் முறை பிரித்துக் கொடுக்கும் கெர்னல் என்ற மையப் பகுதிக்குள் எங்கோ ஒரு முட்டுக்கட்டை.

"அஞ்சு மணிக்கு முதலாளி வர்றார். அதுவரைக்கும் நீங்க வெளிய வரக் கூடாது" என்று சொல்லிவிட்டுத்தான் மேனேஜர் லெஸ்லி காலையில் கதவைச் சாத்தினார். "சரியாகலைன்னா இந்தப் பெட்டியும் வேண்டாம், நீங்களும் வேண்டாம். சிலோன்ல இருந்து வந்த பொண்ணுக்கு எதுக்கு இதெல்லாம்னு அப்பவே சொன்னாங்க."

ஒரே ஒரு ஜன்னல். அதற்கு வெளியே எடைக் கொட்டகை. பெண்கள் எல்லோரும் எடை போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். எடை போடும் ஒச்சப்பன் மட்டும் தராசை மூடும் பொத்தானை அழுத்தாமல், துடைத்த தட்டையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தான். கண் முழுக்க மலைச்சரிவில்.

"ஏனுங்க, ஏன் இன்னும் மூடல?" ஜெஸிந்தா ஜன்னலைத் திறந்து கேட்டாள்.

அவன் பதறிப்போனான். "காத்தாயக்கா இன்னும் வரலீங்க. மூடிட்டா அது பறிச்ச கொழுந்து கணக்குல ஏறாது, அரை நாள் கூலி போயிரும். சிலோன்ல இருந்து வந்து, மண்டபம் கேம்புல இருந்து ரயில் ஏறுன அன்னைக்கே நசுங்கிப்போன காலுங்க அது. சொல்லிராதீங்க."

மூடுபனிக்குள்ளிருந்து காலை இழுத்து இழுத்து ஒருத்தி வந்தாள்.

"பொண்ணழைப்புக்கு வர்ற மாதிரி ஆடி அசைஞ்சு வர்றியேக்கா!"

"ஒனக்குத்தான் ரெண்டு காலும் நல்லாருக்கே, வந்து கூடையத் தூக்குடா!"

ஜெஸிந்தா மூக்குக் கண்ணாடியைப் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டு, எங்கோ பார்த்த அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நாற்காலிக்குத் திரும்பினாள்.

முடிச்சு புரிந்துவிட்டது. தராசைத் திறந்ததும் புரோகிராமின் எடைப் பகுதி, எல்லாக் கணக்கும் ஏறும் பொதுப் பதிவேட்டைப் பிடித்துக்கொள்கிறது, மூடும்வரை விடுவதில்லை. சூட்டைக் குறிக்க அதே பதிவேட்டைக் கேட்டு அடுப்புப் பகுதி காத்து நிற்க, அதன் பின்னால் எல்லாமே நிற்கிறது.

இரண்டு மணிக்கு லெஸ்லி எட்டிப் பார்த்தார். "என்னாச்சு?"

"தராசு ரொம்ப நேரம் தொறந்திருந்தா நிக்குது சார்."

"அவ்வளவுதானே? ரெண்டு நிமிஷத்துல தானா மூடிக்கற மாதிரி எழுதுங்க. அஞ்சு நிமிஷ வேலை! எவன் அப்படித் தொறந்து வெக்கறவன்?"

"தப்பு என்னோடது சார். தராசு காத்திருக்கலாம். பதிவேட்டை நான் பிடிச்சு வெச்சிருக்கக் கூடாது. மாத்தி எழுதறேன்."

"அஞ்சு மணிக்கு நின்னுச்சுன்னா, நேரா பஸ் ஸ்டாண்டுதான்." கதவு சாத்தப்பட்டது.

மாதாவை நினைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தாள். எடை தட்டில் விழும் அந்த நொடி மட்டும் பதிவேட்டை எடு, எழுதியதும் விட்டுவிடு. சொல்ல ஒரு வரிதான். எழுதி முடிக்க நாலரை மணி ஆனது.

மாலை எடை தொடங்கியது. எல்லோரும் போன பிறகும் தராசு திறந்தே இருந்தது. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். திரையில் சூட்டின் எண்கள் நிற்காமல் ஓடின. கடைசியாகக் காத்தாயியின் கூடையும் ஏறியது.

ஒச்சப்பன் ஜன்னலருகே வந்து கும்பிட்டான். "மேனேஜர்கிட்ட பேசுனது ஜன்னல் வழியா காதுல விழுந்துச்சுங்க. என் மேல வர வேண்டிய பழிய நீங்க வாங்கிக்கிட்டீங்க. சாமி உங்கள நல்லா வெக்கும்." சொல்லிவிட்டு வெறும் கூடைகளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

முதலாளி இன்னும் வரவில்லை; அறையில் அவளைத் தவிர யாரும் இல்லை. வெளியே காத்தாயி காலை இழுத்தபடி பனிக்குள் போய்க்கொண்டிருந்தாள். ஜெஸிந்தா ஜன்னல் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள்.

"ரயில் கதவுல எனக்காக வெச்ச காலு, இன்னும் வலிக்குதாக்கா?"