ஒரு தடவைகூடப் பிடிபடாத ஆமை

காட்டுக் கபடி அணி போன வருஷம் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. வயசானவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, இளசுகளை வைத்துப் புது அணி கட்டும் பொறுப்பு கரடியின் தலையில் விழுந்தது. கவலையில் அதற்குத் தேன்கூட இறங்கவில்லை. கடைசியாக மிச்சமிருந்தது ஒரே இடம். அதற்கு முயலும் ஆமையும் வந்து நின்றன.

"போன வருஷம் எத்தனை தடவை பிடிபட்டே?" என்று கரடி முயலைக் கேட்டது.

"நிறைய தடவை அண்ணே. பாடிப் போக வேற யாரும் எழுந்திரிக்கல. நான்தான் போனேன்."

"காரணம் கேக்கல. ஆமை, நீ?"

"ஒரு தடவைகூட இல்லண்ணே. நடுக்கோடு தாண்டினாத்தானே பிடிப்பாங்க?"

கரடிக்கு மனசு குளிர்ந்துவிட்டது. ஆமையைச் சேர்த்துக்கொண்டது. முயல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எதிரணிப் பக்கம் நடந்தது.

முதல் ஆட்டம். முயல் பாடி வந்து ஒவ்வொருவராகத் தொட்டுவிட்டுப் போனது. ஆமையின் முறை வந்தபோதெல்லாம் அது கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்று மூச்சு விடாமல் பாடியது.

தோற்று வெளியே வந்ததும் கரடி ஆமையின் ஓட்டைத் தட்டிக்கொடுத்தது.

"இன்னிக்கும் நீ பிடிபடல. அடுத்த வருஷம் நீதான் கேப்டன்."