சிக்னலில் ஓர் அக்கார்டியன்

உச்சி வெயிலில் எங்கள் பேருந்து சிக்னலின் முதல் வரிசையில் நிற்கிறது. இங்கே சிவப்பு விளக்கு லேசில் மாறாது. எதிர் நடைபாதையில் ஒரு பெண் மார்பில் மாட்டிய அக்கார்டியனைத் துருத்திபோல விரித்து வாசிக்கிறாள். காலடியில் முதுகுப்பையும் சுருட்டிய படுக்கையும் கிடக்கின்றன. வெயிலிலேயே அலைந்ததில் புறங்கைகள் கறுத்திருக்கின்றன. துருத்தி விரியும்போதெல்லாம் அதன் சிவப்பு மடிப்புகளுக்குள் வெளிச்சம் புகுந்து வெளியேறுகிறது. டிரைவர் சட்டென்று இன்ஜினை அணைக்கிறார். உறுமல் அடங்கியதும் பாட்டு சன்னல்கள் வழியே உள்ளே வந்து நிறைகிறது. "என்னண்ணே, வண்டி மக்கர் பண்ணுதா?" என்று கேட்டுக்கொண்டே முன்னால் வருகிறார் கண்டக்டர். "இல்லப்பா, கொஞ்சம் கேளு. அது எம் பொண்ணு." டிரைவர் அவளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "தெருவுல வாசிக்கப் போறதுன்னா திரும்பி வீட்டுப் படி ஏறாதேன்னு சொன்னவன் நான். நாலு வருஷமா ஊர் ஊரா வாசிச்சுக்கிட்டு இருக்கா." கண்டக்டர் படியில் கால் வைக்கிறார். "கூப்பிடட்டுமாண்ணே?" "வேண்டாம், பாட்டு நின்னுடும்." அதற்குள் அவள் அப்பாவைப் பார்த்துவிடுகிறாள். விரல்கள் தடுமாறவில்லை, முகவாய் மட்டும் சற்றே உயர்கிறது. துருத்தியை இன்னும் அகலமாக இழுத்து, பாட்டை மேல்ஸ்தாயிக்குக் கொண்டுபோகிறாள். விளக்கு பச்சையாகிறது. பின்னாலிருக்கும் வண்டிகள் ஹாரனடித்துக் காதைப் பிளக்கின்றன. டிரைவர் சாவியைத் தொடவில்லை. சன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்துகிறார்: "ரெண்டு நிமிஷம் பொறுங்கய்யா, எம் பொண்ணு வாசிக்கிறா!"