கஞ்சிக்கு பெர்மிட் வேண்டாம்

"அரிசின்னா பெர்மிட் வேணும்மா. இல்லாம ஒரு படிகூட அந்தாண்ட போவாது."

செக்போஸ்ட் குமாஸ்தா திருவேங்கடம் இதை மூன்றாவது தடவையாகச் சொன்னார்.

லாரிக்கு முன்னால் சாலையின் குறுக்கே ஒரு கட்டை. சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்டது. பெயின்ட் வாசனைகூட இன்னும் போகவில்லை. ஆந்திர ராஜ்யம் பிறந்தே ஐம்பது நாள்தான் ஆகிறது.

கட்டைக்கு இந்தப் பக்கம் புத்தூர், ரேணிகுண்டா, திருப்பதி. அந்தப் பக்கம் நாகலாபுரம் ரோடு, மெட்ராஸ் ராஜ்யம். அதில் இரண்டு மைல் போனால் எங்கள் வேப்பங்குப்பம்.

வேப்பங்குப்பத்து ஏரி உடைந்து மூன்று நாளாகிறது. உடையாமல் மிஞ்சிய கரை மேல் இருநூறு பேர் சோறில்லாமல் நிற்பதாகத் தபால்காரர் வந்து சொன்னார். அதில் என் அம்மா ஞானசௌந்தரி இருக்கிறாளா என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை.

எங்கெங்கோ வெள்ளம், எங்கெங்கோ பஞ்சம் என்று நிவாரணக் கமிட்டி லாரியில் போய் வந்திருக்கிறேன். யாரும் மறித்ததில்லை. என் சொந்த ஊருக்குப் போகத்தான் வழியில் கட்டை.

"சித்தூர் போயி கையெழுத்து வாங்கியாங்க. ரெண்டு நாள்ல வந்துடலாம்."

"அந்த ரெண்டு நாள்ல செத்தவங்களுக்கு யாரு கையெழுத்துப் போடுவா? நீங்களா?"

அவர் முகம் சுருங்கிப்போயிற்று. "வேலைக்கு வந்து ஒரு மாசம் ஆவலம்மா. மூணு பொட்டப் புள்ளைங்க எனக்கு" என்றார்.

எனக்கு இரக்கம் வரவில்லை. ஆர்டரைக் காட்டச் சொன்னேன். மடித்து மடித்துக் கிழிந்த காகிதத்தைக் கொடுத்தார். இங்கிலீஷ்.

எங்கள் குப்பத்தில் பி.ஏ. படித்தவள் நான் ஒருத்திதான். பொண்ணுக்கு எதுக்கு இங்கிலீஷு என்று கேட்காத வாய் அந்த ஊரில் கிடையாது. அந்த வாய்களுக்காகத்தான் அன்று அந்த இங்கிலீஷை வரி வரியாகப் படித்தேன்.

நெல், அரிசி, குருணை, மாவு. அவ்வளவுதான்.

"இதுல கஞ்சி இல்லியே" என்றேன்.

திருவேங்கடம் காகிதத்தைத் திரும்ப வாங்கி, விரல் வைத்துப் படித்தார். மறுபடியும் படித்தார்.

"இல்ல" என்றார்.

டிரைவர் கன்னையா அதற்குள் லாரியின் பின்கதவைத் திறந்துவிட்டிருந்தார். கமிட்டி லாரியில் எப்போதும் இரண்டு பெரிய அண்டாக்கள் கிடக்கும். செக்போஸ்ட் கொட்டகைக்குப் பின்னால் கிணறு இருந்தது. கல்லும் கிடைத்தது. விறகுதான் இல்லை. மூன்று நாள் மழையில் வேலி முள்கூட ஊறிக் கிடந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூட்டையை அப்படியே கொண்டுபோய் இறக்கியிருந்தால் அந்தக் கரை மேல் எதை எரித்து ஆக்கியிருப்பார்கள்? பி.ஏ. படித்தவளுக்கு அது தோன்றவில்லை.

"நீங்க அரிசியக் களைங்க. வெறகுக்கு நான் ஆச்சு" என்று சொல்லிவிட்டு திருவேங்கடம் கோடாலியோடு முன்பக்கம் போனார்.

முதலில் வந்தது அவர் உட்கார்ந்திருந்த பெஞ்சு. நான் அவரைப் பார்த்தேன்.

"அதுல உக்காந்துக்கினே இருந்தா இடுப்பு புடிச்சுக்குதும்மா" என்றார்.

அடுத்தது மேஜை. பிளந்து பிளந்து கொண்டுவந்து போட்டார். அதுவும் எரிந்து தீர்ந்தது. கஞ்சி இன்னும் கொதிக்கவில்லை. முன்பக்கம் மறுபடியும் கோடாலிச் சத்தம் கேட்டது. ஒரு கை நிறைய எதையோ கொண்டுவந்து அடுப்பில் தள்ளிவிட்டுப் போனார். புகை கண்ணை மறைத்தது. நான் துடுப்பை விடாமல் கிண்டிக்கொண்டிருந்தேன்.

மத்தியானத்துக்குள் இரண்டு அண்டாவும் நிரம்பிவிட்டன. லாரி கிளீனரையும் சேர்த்து நாலு பேராகத் தூக்கி லாரியில் ஏற்றினோம்.

மிச்ச அரிசி மூட்டைகள் லாரியிலேயே இருந்தன. "இதெல்லாம் இறக்கி வெச்சிட்டுப் போணுமா?" என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன்.

திருவேங்கடம் மூட்டைகள் பக்கம் திரும்பவே இல்லை. வானத்தைப் பார்த்தார். "மறுபடி மழை வர மாதிரி இருக்குது. கெளம்புங்க."

நான் லாரிக்குப் பின்னால் ஏறி, அண்டா மூடியை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். குண்டும் குழியுமான ரோடு. ஒரு கரண்டி சிந்தினாலும் ஒருத்தர் வயிறு. ஊர் வரும் வரைக்கும் நான் நிமிரவில்லை.

கரை மேல் இருநூறு பேரும் இருந்தார்கள். வரிசை நின்றது. இங்கிலீஷு எதுக்கு என்று கேட்ட வாய்கள் ஒன்றுவிடாமல் வந்தன. குனிந்து கஞ்சி வாங்கின. நான் யாருக்கும் குறைத்து ஊற்றவில்லை.

முப்பதாவதோ நாற்பதாவதோ ஆளாக, சேறு காய்ந்த சேலையோடு, கையில் தேங்காய்ச் சிரட்டையோடு என் அம்மா நின்றாள். ஊற்றினேன். அங்கேயே நின்று குடித்தாள். சிரட்டையை மறுபடி நீட்டினாள்.

"உப்பு சரியாத்தான் இருக்குது, தபீதா. என்னாத்தடி போட்டு எரிச்ச? கஞ்சியெல்லாம் பெயின்ட் நாத்தம்."

சிரட்டையைப் பிடித்தபடி நின்றேன்.

செக்போஸ்ட்டிலிருந்து லாரி கிளம்பியபோது எங்களுக்காக யாரும் அந்தக் கட்டையைத் தூக்கவே இல்லை.