இடது பக்கக் கோளாறு

புதுப் பெட்டியில் இடது பக்கம் வேலை செய்யவில்லை.

பெட்டி என்றால் ஏதோ தகரப் பெட்டி இல்லை. வால்வு ப்ரீ-ஆம்ப். பாட்டு ஸ்பீக்கருக்குப் போகும் முன் இதற்குள் நுழைந்து கொஞ்சம் குளிர்காய்ந்துவிட்டுப் போகும். முன்னால் நாலு கண்ணாடி வால்வு, தணல் மாதிரி. பின்னால் கம்ப்யூட்டரையும் டிவியையும் சொருக டிஜிட்டல் இன்புட். பழசுக்குப் பழசு, புதுசுக்குப் புதுசு.

வாங்கியவர் தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் அடுத்தவர் செய்ததில் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கினார். இப்போது அதையே சம்பளமில்லாமல் செய்கிறார்.

பெட்டி வந்த அன்று குளித்து, சலவைச் சட்டை போட்டு, பஞ்சுக் குச்சியால் இரண்டு காதையும் நன்றாகக் குடைந்துகொண்டு சோபாவின் நடுவில் உட்கார்ந்தார். டேப் வைத்து அளந்த நடு.

பாட்டு வந்தது. மொத்தக் கச்சேரியும் வலது சுவரோரம் ஒதுங்கி நின்றது.

கடைக்குப் போன் போட்டார். "இடது செத்துக் கிடக்கு. ஆளை அனுப்புங்க."

மெக்கானிக் வந்தார். ஐம்பது வயது, நரைத்த மீசை, தோளில் கருவிப் பை. வால்வுகளை இடம் மாற்றினார். ஒயர்களை மாற்றினார். காது கொடுத்துக் கேட்டார்.

"எனக்கு ரெண்டு பக்கமும் கேக்குது சார்."

"யோவ், உன் காது வேற, என் காது வேற. பேரிங் சுத்தற சத்தத்தை வெச்சே இது தேறும், இது தேறாதுன்னு சொன்ன காதுய்யா இது."

இரண்டாம் முறை வந்து டிஜிட்டல் இன்புட் ஒவ்வொன்றாகச் சொருகிப் பார்த்தார். மூன்றாம் முறை ஸ்பீக்கர்களையே இடம் வலமாக மாற்றி வைத்தார். கச்சேரி வலது சுவரை விட்டு அசையவில்லை.

"பாத்தியா? எப்படி மாத்தினாலும் இடதுதான் அவுட்டு!" கையும் களவுமாகப் பிடித்துவிட்ட பூரிப்பு அவருக்கு.

சமையலறையிலிருந்து மனைவி டார்ச்சோடு வந்தாள். "மெக்கானிக் பக்கத்துலயே நின்னு மூணு தடவை டார்ச் கேட்டாரே, காதுல விழலையா?"

"நான் பாட்டைக் கேட்டுட்டு இருக்கேன். பேச்சை இல்ல."

மெக்கானிக் அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். கை கழுவிவிட்டு வருகிறேன் என்று சமையலறைக்குப் போனவர், திரும்பிவர ஐந்து நிமிஷம் ஆயிற்று. கை கழுவுவதில்கூடச் சுறுசுறுப்பு இல்லை.

அதற்குள் கடை மேனேஜர் போனில்.

"இந்த ஆளுக்கு வேலை தெரியல. என்னது, ஏற்கெனவே ரெண்டு புகார் இருக்கா? மூணாவது வந்தா வீட்டுக்கு அனுப்பிடுவீங்களா? தாராளமா அனுப்புங்க. நாளைக்கே எழுதிக் கொண்டுவந்து தரேன்."

மெக்கானிக் எதிரில்தான் நின்றார். பையிலிருந்து சர்வீஸ் புகார்ப் படிவத்தை எடுத்து அவரே நீட்டினார்.

மறுநாள் காலை, எழுதிய படிவம் சட்டைப் பையில். செருப்பை மாட்டும்போது மனைவியும் கிளம்பி நின்றாள்.

"எனக்குக் காது வலி. போற வழிதானே, டாக்டரைப் பாத்துட்டுப் போயிடலாம்."

"உனக்கு நேரம் பாத்து வலிக்கும்."

டாக்டர் அவள் காதைப் பார்த்தார். சுத்தமாக இருந்தது.

"இவருக்கும் சும்மா ஒரு தடவை பாத்துடுங்க டாக்டர்."

"எனக்கெதுக்கு? என் காது பேரிங் சத்தத்துலயே..."

அவர் பேரிங்கைச் சுற்றி முடிப்பதற்குள் டாக்டர் விளக்கைப் போட்டு இடது காதுக்குள் எட்டிப் பார்த்தார். இடுக்கியை விட்டார். இழுத்தார். தட்டில் ஒரு பஞ்சு உருண்டை விழுந்தது.

"குச்சியிலேருந்து கழண்டு உள்ளயே தங்கிடுச்சு. ஒரு வாரம் இருக்குமா?"

சரியாக ஒரு வாரம்.

தலைக்கு மேல் மின்விசிறி இரண்டு பக்கமும் கடகடத்தது. மனைவி சிரிப்பை அடக்குவது இடது பக்கம் துல்லியமாகக் கேட்டது.

தெருவுக்கு வந்ததும் கேட்டார். "உன் காது வலி?"

"எனக்கு ஏது வலி? மெக்கானிக்தான் நேத்து சமையலறையில வந்து சொன்னார். 'சாருக்கு இடது காது அடைச்சிருக்கும்மா. நான் சொன்னேன்னு சொல்லாம டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க'ன்னு."

"என்கிட்டயே சொல்றதுக்கென்ன? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"நானும் அதைத்தான் வாசல்ல நிறுத்திக் கேட்டேன். வேலை போயிடுமே, உண்மையைச் சொல்லிட்டுப் போங்கன்னேன். 'அந்தக் காதை நம்பி எவ்வளவு ஆசையா வாங்கியிருக்கார்மா. அதுலதான் கோளாறுன்னு என் வாயால சொன்னா, அப்புறம் மனுஷன் பாட்டே போடமாட்டார். பெட்டியில கோளாறுன்னே இருந்துட்டுப் போகட்டும்'னுட்டு இறங்கிட்டார்."

அவர் விறுவிறுவென்று நடந்தார். கடை வரைக்கும்.

கவுன்டரில் படிவத்தை விரித்தார். எழுதியிருந்த புகாரைக் குறுக்கே அடித்தார். முப்பது வருஷத்தில் தன் கையெழுத்தையே அவர் நிராகரித்தது இதுதான் முதல் தடவை.

'கோளாறு இருந்த இடம்' என்ற கட்டத்தில், 'வாடிக்கையாளரின் இடது காது' என்று எழுதினார்.

அடுத்த கட்டம்: 'சரிசெய்தவர்.'

டாக்டர் என்று எழுதலாமா என்று பார்த்தார். டாக்டர் இழுத்தார், அவ்வளவுதான். பேனா நின்றது. மூன்று முறை வீட்டுக்கு வந்த மனிதரின் பெயரை ஒருமுறைகூடக் கேட்டிருக்கவில்லை. 'யோவ்' போதுமானதாக இருந்தது.

கொஞ்சம் யோசித்து, அழுத்தி எழுதினார்:

"மெக்கானிக் ஐயா."